நிழலில் நின்ற பிக்கப்

"இன்னைக்கும் வண்டி மிஸ்ஸிங், சல்மா!"

உம்மாவின் போனிலிருந்து வாப்பாவின் குரல் ஸ்பீக்கரில் அலறியது. பாலில் ரஸ்க் நனைத்துக்கொண்டிருந்த இன்ஷாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. கையிலிருந்த ரஸ்க் பாலுக்குள் முழுகிப் போனது.

"மிஸ்ஸிங்கா? யாரு எடுத்துட்டுப் போனா? போலீஸுக்கு போன் பண்ணுங்க வாப்பா!"

வாப்பா இருந்த நிலைமைக்குச் சிரிப்பு வந்திருக்கவே கூடாது. ஆனாலும் சிரித்துவிட்டார்.

"வண்டி எங்கேயும் போகலைம்மா. நான் அதுக்குள்ளதான் உக்காந்திருக்கேன். இன்ஜின் மிஸ்ஸிங் அடிக்குது."

"இன்ஜினைக் காணோமா?"

உம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். இன்ஷா துபாயில் பிறந்து, அல் குசைஸில் வளர்ந்து, அங்கேயே ஐந்தாம் வகுப்பு படிக்கிற பெண். அவளுக்கு மிஸ்ஸிங் என்றால் டீச்சர் நோட்டில் சிவப்பு மையால் எழுதுவதுதான். வீட்டுப்பாடம் மிஸ்ஸிங், கையெழுத்து மிஸ்ஸிங். வண்டிக்காரர்களின் மிஸ்ஸிங் வேறு சங்கதி என்று அவளுக்கு யார் சொன்னார்கள்?

"இன்ஜினுக்குள்ள நாலு சிலிண்டர் இருக்கும்மா," என்று வாப்பா பொறுமையாகச் சொன்னார். "நாலும் முறை வச்சு வேலை செய்யணும். அதுல ஒண்ணு மட்டும் சும்மா இருந்துட்டா வண்டி நொண்டும். அதைத்தான் மிஸ்ஸிங்னு சொல்லுவோம்."

"அப்போ ஒரு சிலிண்டரோட வேலையைக் காணோம். நான் சொன்னதும் சரிதானே?"



வாப்பாவின் பெயர் கலீலுர் ரஹ்மான். குசைஸில் ஒரு மெஸ்ஸில் டிரைவர். ஞாயிறு தவிர தினமும் விடிவதற்கு முன்பே எண்பத்து நாலு சாப்பாட்டுப் பொட்டலங்களை பிக்கப் வண்டியில் ஏற்றிக்கொண்டு, ஜெபல் அலி பக்கம் இருக்கும் தொழிலாளர் கேம்ப்புக்குப் போவார். ஐந்து பத்துக்கு கேம்ப்பிலிருந்து பஸ்கள் சைட்டுக்குக் கிளம்பிவிடும். அதற்குள் ஆளுக்கொரு பொட்டலம் கைக்கு வந்தாக வேண்டும். பஸ் போய்விட்டால் அவ்வளவுதான். சைட்டுக்குள் வெளி வண்டியை விட மாட்டார்கள்.

மூன்று வாரமாகத்தான் இந்தக் கூத்து. சில நாள் பிக்கப் ஜம்மென்று போகும். சில நாள் கிளம்பும்போதே உதறும், சிக்னலில் நின்றுவிடும், மேம்பாலத்தில் ஏறச் சொன்னால் முனகும். வாப்பா எப்படியோ தள்ளாத குறையாக ஓட்டிப்போய், ஏறுகிற ஆட்களின் கையில் கடைசி நிமிடத்தில் பொட்டலத்தைத் திணிப்பார்.

ஆனால் இந்த வெள்ளிக்கிழமை அதுவும் முடியவில்லை. பஸ்கள் போய்விட்டன.

"எண்பத்து நாலு பேரு சல்மா," என்றார் வாப்பா. இப்போது அவர் குரலில் சிரிப்பு இல்லை. "வெயில்ல கம்பி கட்டுற ஆளுங்க. மத்தியானம் என்னத்தைச் சாப்பிடுவாங்க?"

கேம்ப் பொறுப்பாளர் கல்யாணசுந்தரம் கத்தவில்லை. கத்தியிருந்தால்கூட வாப்பாவுக்குப் பரவாயில்லை. அவர் சாந்தமாகச் சொன்னார்: "பாய், நீங்க நல்ல மனுஷன். ஆனா பசிக்கிறவன்கிட்ட இன்ஜின் கதை சொல்ல முடியாது. நாளைக்கோ திங்கக்கிழமையோ லேட் ஆச்சுன்னா கலாஸ். நாங்க வேற மெஸ் பார்த்துக்குவோம்."

அன்று மதியம் உம்மா மீன் ஆணம் வைத்திருந்தார். வாப்பா சோற்றைப் பிசைந்தார், பிசைந்துகொண்டே இருந்தார், பிறகு கையைக் கழுவிவிட்டார்.  வாப்பா மீன் ஆணத்தை விட்டு எழுந்து இன்ஷா பார்த்ததே இல்லை.

சனிக்கிழமை பள்ளி கிடையாது. கேம்ப்புக்குப் போய் வந்த வாப்பா, பிக்கப்பை கராஜுக்கு எடுத்துக்கொண்டு போனார். இன்ஷாவும் தொற்றிக்கொண்டாள்.

கராஜில் மெக்கானிக் அம்மையப்பன் இருந்தார். மன்னார்குடிக்காரர். வயது இருபத்தாறுதான், ஆனால் வேலையில் படு சுத்தம். ஒரு நட்டைக் கழற்றினால்கூடத் துடைத்து, துணியில் வரிசையாக வைப்பார். கழற்றிய வரிசையிலேயே திரும்ப மாட்டுவார். இன்ஷா அதை வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய பென்சில் பாக்ஸ்கூட அவ்வளவு ஒழுங்காக இருந்ததில்லை.

"எங்க பாய், ஸ்டார்ட் பண்ணுங்க."

வாப்பா சாவியைத் திருகினார். பிக்கப் பூனைக்குட்டி மாதிரி மெல்லிசாக உறுமியது. உதறல் இல்லை, முனகல் இல்லை.

"பாத்தீங்களா?" அம்மையப்பன் நொந்துபோனார். "என்னைப் பார்த்ததும் நல்ல பிள்ளை ஆயிடுது. டாக்டரைப் பார்த்ததும் காய்ச்சல் ஓடிப்போற மாதிரி!"

"இன்னைக்குக் காலையிலயும் நல்லாத்தான் ஓடிச்சு. நேத்துதான் காலை வாரிவிட்டுடுச்சு," என்றார் வாப்பா.

"நேத்து நடந்ததை இது சொல்லும்." அம்மையப்பன் ஒரு சின்ன ஸ்கேனர் பெட்டியை வண்டியில் சொருகினார். எழுத்துகள் ஓடி நின்றன. "பழையபடி அதேதான். நாலாவது சிலிண்டர்."

"ஸ்கேனருக்கே தெரியுதுன்னா அப்புறம் என்ன அங்கிள்?" என்றாள் இன்ஷா.

"எந்த சிலிண்டர்னு சொல்லும் பாப்பா, எதனாலன்னு சொல்லாது. எந்த வீட்டுல லைட்டு எரியலைன்னு தெரிஞ்சு போச்சு. பல்பு போச்சா, ஸ்விட்ச் போச்சா, அதை நாமதான் கண்டுபிடிக்கணும்."

அவர் இதுவரை செய்ததையெல்லாம் சொன்னார். சிலிண்டருக்கு நெருப்புப் பொறி கொடுப்பது ப்ளக். ப்ளக்குக்குக் கரன்ட் கொடுப்பது காயில். நாலாவது சிலிண்டரின் காயிலைக் கழற்றி இரண்டாவதில் மாட்டினார், இரண்டாவதை நாலாவதில் மாட்டினார். காயில்தான் கெட்டிருந்தால் நோவு இரண்டாவதற்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. ஆகவே காயில் தப்பித்தது. பிறகு ப்ளக்கைப் புதிதாக மாற்றினார். அப்படியும் நாலாவதுதான் படுத்தியது. வயரைப் பார்த்தார், பெட்ரோல் வருகிறதா என்று பார்த்தார். எல்லாம் சரி.

ஆளாளுக்குப் பழி போடாமல், ஒவ்வொன்றாகச் சோதித்து விடுதலை செய்யும் அந்த முறை இன்ஷாவுக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. வகுப்பில் ரப்பர் காணாமல் போனால் எல்லோரும் உடனே ராஜிக்கைத்தான் திருடன் என்பார்கள். அம்மையப்பன் அங்கிள் அங்கே இருந்தால் முதலில் ராஜிக்கின் பையைப் பார்த்துவிட்டுத்தான் பேசுவார்.

அம்மையப்பன் நாலாவது காயிலை மீண்டும் உருவினார். டார்ச் அடித்து, ப்ளக் இருக்கும் குழிக்குள் எட்டிப் பார்த்தார்.

"லேசாத் துரு இருக்கு. போன வாரம் இல்ல. இன்ஜினைத் தண்ணி ஊத்திக் கழுவுனீங்களா பாய்?"

"சத்தியமா இல்லப்பா."

"அப்போ இந்த ஊரு ஈரக் காத்துதான். செப்டம்பர்ல கண்ணாடியெல்லாம் வேர்க்குதுல்ல?"

இன்ஷா எம்பி எம்பி மற்றக் குழிகளையும் பார்த்தாள். ஒன்று, இரண்டு, மூன்று, மூன்றுமே பளிச்சென்று இருந்தன.

"காத்துன்னா நாலு குழியிலயும் துரு பிடிச்சிருக்கணுமே அங்கிள்?"

அம்மையப்பன் டார்ச்சை அணைத்தார். இன்ஷாவைப் பார்த்தார். வாப்பாவைப் பார்த்தார்.

"பாய், இந்தக் கேள்வி எனக்கு வந்திருக்கணும்," என்றார். "தண்ணி எங்கிருந்தோ நாலாவது குழிக்கு மட்டும் போகுது. துபாய்ல ஏது மழை? ஒண்ணும் பிடிபடலையே."

"திங்கக்கிழமைக்குள்ள பிடிபட்டுடும், இன்ஷா அல்லாஹ்," என்றார் வாப்பா.

"என்ன வாப்பா?" என்று திரும்பினாள் இன்ஷா. இந்தப் பெயரை வைத்துக்கொண்டு அவள் படுகிற பாடு இது. ஒரு நாளைக்கு இருபது தடவையாவது இப்படித் திரும்பிவிடுவாள்.

வீட்டில் இன்ஷாவுக்கு ஒரு டியூட்டி உண்டு. குசைஸில் வண்டி நிறுத்த இடம் கிடைப்பதே குதிரைக்கொம்பு. அதிலும் நிழலான இடம் என்றால் சொல்லவே வேண்டாம். அவர்கள் கட்டடத்தின் பின்சுவரை ஒட்டி, மதியத்துக்கு மேல் நிழல் விழுகிற ஒரே ஓர் இடம் இருந்தது. லீவுக்கு ஊருக்குப் போய்த் திரும்பிய நாள் முதல், அந்த இடத்தைப் பிடித்துக் கொடுப்பது இன்ஷாவின் பொறுப்பு. வெயிலில் நின்ற வண்டியின் ஸ்டீயரிங்கைத் தொட்டு வாப்பாவின் உள்ளங்கை சிவந்துபோனதை அன்று அவள் பார்த்துவிட்டாள். அதிலிருந்துதான்.

இடம் காலியானதும் ஓடிப்போய் நடுவில் நின்றுகொள்வாள். பெரிய பெரிய கார்கள் ஹாரன் அடிக்கும். "வாப்பா கமிங்!" என்று இரண்டு கையையும் விரிப்பாள். அந்தத் தெருவில் அவளைத் தாண்டி யாருடைய பாச்சாவும் பலிக்காது.

இடம் பிடித்த நாளெல்லாம் சமையலறைக் காலண்டரில் அந்தத் தேதியில் ஒரு நட்சத்திரம் வரைந்துகொள்வாள். சனிக்கிழமையும் இடம் கிடைத்தது. பொழுது சாயும் நேரத்தில் பச்சைப் பேனாவை எடுத்துக்கொண்டு காலண்டருக்கு முன்னால் நின்றாள்.

அதே காலண்டரில் உம்மாவின் சிவப்பு எழுத்தும் இருந்தது. வண்டி படுத்திய நாளிலெல்லாம் உம்மா 'லேட்' என்று எழுதியிருந்தார். இன்ஷா நட்சத்திரத்தைப் பாதி வரைந்துவிட்டு அப்படியே நின்றாள்.

திங்கள் நட்சத்திரம். செவ்வாய் லேட்.

புதன் நட்சத்திரம். வியாழன் லேட். வியாழன் நட்சத்திரமும் இருந்தது. வெள்ளி லேட்.

வெள்ளிக்கிழமை எல்லோரும் சீக்கிரமே வீடு திரும்பியதில் இடம் பறிபோயிருந்தது. நட்சத்திரம் இல்லை. இன்று காலை வண்டி ஜம்மென்று ஓடியிருக்கிறது.

போன வாரத்தையும் பார்த்தாள், அதற்கு முந்தைய வாரத்தையும் பார்த்தாள். ஒவ்வொரு பச்சை நட்சத்திரத்துக்கும் பக்கத்துக் கட்டத்தில் சிவப்பு லேட். ஞாயிறு டியூட்டி இல்லாததால் அந்தக் கட்டம் மட்டும் வெறுமையாக இருந்தது.

அவள் பால்கனிக்குப் போய்க் கீழே எட்டிப் பார்த்தாள். நிழல் இடத்தில் பிக்கப் நின்றது. அதற்கு நேர் மேலே மூன்றாம் மாடியின் பழைய ஜன்னல் ஏசி. அதிலிருந்து தண்ணீர் சொட்டியது. சொட்டு, சொட்டாக, பிக்கப்பின் பானெட்டும் கண்ணாடியும் சேரும் இடத்தில் விழுந்தது.

துபாயில் மழை இல்லைதான். ஆனால் வீட்டுக்கு வீடு ஏசி இருக்கிறதே!

கண்டுபிடித்ததற்குத் துள்ளிக் குதிக்க வேண்டியவள், தரையில் உட்கார்ந்துவிட்டாள். அந்த இடத்தை ஓடி ஓடிப் பிடித்துக் கொடுத்தது யார்? எண்பத்து நாலு பேரைப் பட்டினி போட்டது யார்? அவள்தான்.

சொல்லாமலே இருந்துவிடலாமா என்றுகூட ஒரு நினைப்பு வந்தது. நாளையிலிருந்து இடம் பிடிக்காமல் விட்டால் போதும். வண்டி தானாகச் சரியாகிவிடும். ஒருவருக்கும் தெரியாது. ஆனால் வாப்பா தானாகவே அங்கே கொண்டுபோய் நிறுத்திவிட்டால்? அம்மையப்பன் அங்கிள் இல்லாத நோவைத் தேடி இன்னும் எத்தனை நாள் மண்டையை உடைத்துக்கொள்வார்?

மூக்கை உறிஞ்சிக்கொண்டு எழுந்துபோனாள்.

"வாப்பா, வண்டிக்கு நோவு வந்தது என்னாலதான்."

கேட்டு முடித்ததும் வாப்பா காலண்டரையே பார்த்துக்கொண்டு நின்றார். உம்மாவும் வந்து பார்த்தார். பிறகு வாப்பா அவளைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார்.

"இத்தனை நாளும் என் கை வேகாம இருந்ததே, அதுவும் உன்னாலதான். அதுக்கு யாரு அழுவா?"

"நிஜமா கோபம் இல்லையா?"

"கோபமா? மூணு வாரமா நாங்க ரெண்டு ஆம்பளைங்க தலையைப் பிச்சுக்கிட்டதுக்கு விடை உன் காலண்டர்ல எழுதியிருக்கு. எங்க மேலதான் கோபம்." வாப்பா போனை எடுத்தார். "வண்டியை நகர்த்த வேண்டாம், அப்படியே கிடக்கட்டும். காலையில அம்மையப்பன் வந்து கண்ணால பார்க்கட்டும்."

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கே அம்மையப்பன் வந்துவிட்டார். விடுமுறை நாள் என்று கருவிப்பெட்டியை விட்டுவிட்டு வருகிற ஆளில்லை அவர்.

"ஸ்டார்ட் பண்ணுங்க பாய்."

பிக்கப் உதறியது. டக், டக், டக், என்று வந்து, ஒன்றை விழுங்கி, மறுபடி டக், டக், டக் என்றது.

"ஆஹா! மிஸ்ஸிங்!" அம்மையப்பன் கைதட்டிக் குதித்தார். "வந்துடுச்சு பாய், வந்துடுச்சு! மூணு வாரமா இதைத்தானே தேடிக்கிட்டு இருந்தேன்!"

தன் வண்டி கெட்டுப்போனதற்கு ஒருவர் இவ்வளவு சந்தோஷப்படுவதை வாப்பா அன்றுதான் பார்த்தார்.

பானெட்டைத் திறந்ததும் எல்லாம் வெளிச்சமாகிவிட்டது. பானெட்டின் பின் ஓரத்தில், தண்ணீர் உள்ளே போகாமல் தடுக்கும் நீளமான ரப்பர் பட்டை ஒன்று இருந்தது. வெயிலில் காய்ந்து, ஓரிடத்தில் வெடித்துப் பிளந்திருந்தது. பிளவுக்கு நேர் கீழே நாலாவது காயில். அதை உருவியபோது நுனியிலிருந்து தண்ணீர் சொட்டியது. குழியில் ஒரு கரண்டி தண்ணீர் தேங்கியிருந்தது.

"ராத்திரியெல்லாம் சொட்டிச் சொட்டி நிறையுது," என்றார் அம்மையப்பன். "பொறி ப்ளக்குல வராம தண்ணி வழியா ஓடிடுது. வண்டி ஜெபல் அலி போய்ச் சேர்ற நேரத்துக்குச் சூட்டுல காஞ்சுடும். அப்புறம் என்கிட்ட வந்தா நான் என்னத்தைப் பார்க்கிறது?"

குழியைத் துணியால் ஒற்றி, காற்றடித்துக் காயவைத்து, காயிலை மாட்டினார். இன்ஜின் சீராக ஓடியது.

"சரியாயிடுச்சு!" என்று கத்தினாள் இன்ஷா.

"இரு பாப்பா, இன்னும் முடியல. காஞ்சதாலதான் சரியாச்சா, இல்ல காயிலைக் கழட்டி மாட்டுனதாலயா? நீயே சொல்லு, எப்படித் தெரிஞ்சுக்கிறது?"

இன்ஷா ஒரு கணம் யோசித்தாள். பிறகு வீட்டுக்கு ஓடினாள். திரும்பி வரும்போது அவள் கையில் ஒரு குவளை தண்ணீர் இருந்தது.

"அதே இடத்துல ஊத்திப் பார்க்கலாம் அங்கிள். திரும்ப நொண்டினா தண்ணிதான்."

அம்மையப்பன் பானெட்டை மூடினார். "நீயே ஊத்து."

இன்ஷா பின் ஓரத்தில் மெல்ல ஊற்றினாள். மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு பிக்கப் ஒரு தும்மல் போட்டு, டக், டக், டக் என்று நொண்டத் தொடங்கியது.

மூவரும் ஈத் பிறை கண்ட மாதிரி ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள்.

"பாய், உள்ளதைச் சொல்றேன்," என்றார் அம்மையப்பன், கையைத் துடைத்துக்கொண்டே. "நான் வண்டிக்குள்ளேயே தேடிக்கிட்டு இருந்தேன். வண்டி எங்க நின்னுச்சுன்னு கேட்கத் தோணவே இல்ல. பாப்பாவுக்குத் தோணிச்சு பாருங்க, அதுதான் வேலை."

அவர் புகழ்ந்ததைவிட, தனக்குத் தோன்றவில்லை என்று கூச்சமில்லாமல் சொன்னதுதான் இன்ஷாவுக்குப் பெரிதாகப்பட்டது. கெட்டிக்காரர் என்றால் இவர்தான் என்று நினைத்துக்கொண்டாள்.

மதியத்துக்குள் அம்மையப்பன் வேறொரு ரப்பர் பட்டையைத் தேடி வாங்கிவந்து பொருத்தினார். பிக்கப் தெருவின் எதிர்ப்பக்கம், வெயிலுக்குப் போனது. ஸ்டீயரிங் மேல் போடுவதற்கு உம்மா ஒரு தடித்த துண்டு கொடுத்தார். இன்ஷா ஒரு அட்டையில் பெரிதாக ஆங்கிலத்தில் எழுதி, பின்சுவரில் ஒட்டினாள்: 'இங்கே நிழல் உண்டு. மேலே ஏசி தண்ணீரும் உண்டு. உங்கள் விருப்பம்.'

திங்கட்கிழமை. இருட்டோடு வாப்பா கிளம்பிப் போனதிலிருந்து உம்மாவும் இன்ஷாவும் படுக்கவே இல்லை. போனை நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நாலே முக்கால் ஆனது. உம்மா வாய்க்குள் ஓதிக்கொண்டிருந்தார். இன்ஷா கண்ணை இறுக மூடிக்கொண்டு, மேம்பாலத்தில் பிக்கப் ஏறுவதை மனசுக்குள் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தாள்.

நாலு ஐம்பத்திரண்டுக்குப் போன் அடித்தது.

"வந்துட்டேன் சல்மா! ஒரு தடவைகூட நொண்டல! எல்லாரும் வரிசையில நின்னு வாங்கிக்கிட்டு இருக்காங்க!"

பின்னால் பஸ்களின் உறுமலும், ஆட்களின் பேச்சும், யாரோ "சூடா இருக்குடா!" என்று சொல்லிச் சிரிப்பதும் கேட்டது. உம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இன்ஷாவுக்கும் கண் கலங்கியது. எண்பத்து நாலு பேருக்கும் இன்று மத்தியானச் சோறு உண்டு!

அப்போது வாப்பாவுக்குப் பக்கத்தில் இன்னொரு குரல் கேட்டது. கல்யாணசுந்தரம்.

"வண்டி சும்மா பறக்குதே பாய்! யாரு அந்த மெக்கானிக்? நம்பர் குடுங்க, எங்க கேம்ப் பஸ் ஒண்ணும் ரொம்ப நாளாப் படுத்துது. இப்பவே பேசிடறேன்."

"இப்பவா?" வாப்பா தொண்டையைச் செருமிக்கொண்டார். "ரெண்டு மெக்கானிக் சார். ஒருத்தர் ஏழு மணிக்குத்தான் கராஜ் திறப்பாரு."

"சரி, இன்னொருத்தர்?"

"அவங்களுக்கு ஆறேகாலுக்கு ஸ்கூல் பஸ். இன்னும் பல்லு தேய்க்கல."

இன்ஷா பிரஷ்ஷைத் தேடிக்கொண்டு ஓடினாள்.